கைக்குத் தெரிந்ததைக் கேள்வியாக்குவது: கச்சேரிக் கலைஞர்கள் இசையியல் படிக்க விண்ணப்பிப்பது பற்றி

நான் வீணை வாசிப்பவள். வாசிப்பிலிருந்து இசை ஆய்வுக்குப் போனவள். அதனால் அதே வழியில் போக நினைக்கிற பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தங்கள் விண்ணப்பங்களை என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. இவர்களிடம் விஷயம் நிறைய இருக்கிறது, ஆனால் அது விண்ணப்பத்துக்குள் வந்து சேர்வதில்லை. சின்ன வயதிலிருந்து சாதகம் செய்து, ஒரு ராகத்தை எந்த இடத்தில் பிடித்தால் அது உடனே முகம் காட்டும் என்று தெரிந்த ஒருவர், எழுத உட்கார்ந்ததும் "இசை என் உயிர்மூச்சு" என்று ஆரம்பிக்கிறார். தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்த வரியை அன்றைக்கே பல தடவை படித்திருப்பார். அதைப் பொய் என்று அவர் நினைக்கப்போவதில்லை. ஆனால் அந்த வரியிலிருந்து உங்களைப் பற்றி அவருக்குத் தெரியவருவது எதுவுமே இல்லை.

பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் அங்கேதான் விண்ணப்பிக்கிறார்கள். மற்ற நாடுகளின் முறை வேறுபடும் இடங்களில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். 1885-இல் கீடோ ஆட்லர் என்ற இசை அறிஞர் ஜெர்மனில் எழுதிய ஒரு கட்டுரையில் இசை பற்றிய அறிவை வரலாறு சார்ந்தது, முறைமை சார்ந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். இந்தத் துறையின் வரைபடம் அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 1930-இல் கார்னெல் பல்கலைக்கழகம் ஆட்டோ கின்கெல்டேயை இசையியல் பேராசிரியராக நியமித்தது, அந்த நாட்டில் அப்படி ஒரு பதவி அதுதான் முதல். அமெரிக்கன் மியூசிகாலஜிக்கல் சொசைட்டி 1934-இல் வந்தது, எத்னோமியூசிகாலஜிக்கான, அதாவது இசையை அதை வளர்க்கிற மக்களோடும் பண்பாட்டோடும் சேர்த்து ஆராய்கிற துறைக்கான சங்கம் 1955-இல், இசையின் கட்டமைப்பை ஆராய்கிற மியூசிக் தியரிக்கான சங்கம் 1977-இல். இந்த மூன்று சங்கங்களின் பிரிவினைதான் இன்றைக்கும் விண்ணப்பப் படிவத்தில் மூன்று கட்டங்களாக நிற்கிறது. எதில் டிக் அடிக்கிறீர்களோ அதற்கேற்ப உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிற ஆட்கள் மாறுவார்கள்.

கர்நாடக இசைக்காரர் என்றாலே எத்னோமியூசிகாலஜிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்துவிடுகிறோம். பல பேருக்கு அது சரியான இடமும்கூட. 1960-இல் மேன்டில் ஹூட் என்ற எத்னோமியூசிகாலஜிஸ்ட், ஒரு இசையை ஆராய்கிறவன் அந்த இசையை வாசிக்கவும் பாடவும் பழக வேண்டும் என்று வாதிட்டு எழுதினார், அந்த வாதம் துறைக்குள் ஆழமாக இறங்கியது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் கலைஞர்களே ஆய்வு செய்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள்: பாடகர் எஸ். ராமநாதன் சிலப்பதிகாரத்தில் உள்ள இசையைப் பற்றி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் ராக ஆலாபனையைப் பற்றி. ஆக, இது ஆள் நடமாட்டமில்லாத பாதை இல்லை. ஆனால் உங்கள் கேள்வி ஓலைச்சுவடி, அச்சுப் புத்தகம், பாடபேதம் (ஒரே பாட்டின் மாறுபட்ட வடிவங்கள்) பற்றியது என்றால் வரலாற்று இசையியல் பக்கமும் பாருங்கள். மேளம், ஸ்வர அமைப்பு, தாளக் கணக்கு என்றால் தியரி. ஹெரால்ட் பவர்ஸ் 1950-களில் சென்னைக்கு வந்து கர்நாடக இசை கற்று, 1959-இல் பிரின்ஸ்டனில் தென்னிந்திய ராக அமைப்பின் பின்னணியைப் பற்றி ஆய்வேட்டை முடித்தார். அதே மனிதர் பிற்பாடு மோட் எனப்படும் ஐரோப்பிய ஸ்வர அமைப்புகளைப் பற்றியும் இத்தாலிய ஆப்பரா பற்றியும் எழுதினார். எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பதைக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். நாம் எந்த ஊர்க்காரர், என்ன வாத்தியம் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

சரி, கேள்வி என்றால் என்ன? இங்கேதான் கலைஞர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு உதாரணத்தை முழுசாகவே பார்த்துவிடலாம்.

சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகளுக்கு இன்றைக்கும் எல்லோரும் போய் நிற்கிற புத்தகம் அது. அதில் வெறும் ஸ்வரங்கள் மட்டும் இல்லை, கமகங்களுக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் சறுக்கியும் அழகுபடுத்துகிற வகைகளுக்கு, தனித்தனிக் குறிகளும் போட்டிருக்கிறார்: கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஒரிக்கை, ஒதுக்கல், ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று. இந்தப் பட்டியலை ஒரு பாடகர் படித்தால் ஒரு மாதிரி படிப்பார். வீணைக்காரர் படித்தால் இடது கை தானாக அசையும். ஏனென்றால் இவற்றில் பலவற்றுக்கு விளக்கம் வீணைத் தண்டில் பதித்திருக்கிற மெட்டையும் தந்தியையும் விரலையும் வைத்துத்தான் போகிறது. ஒதுக்கலில் விரல் ஒரே மெட்டில் நிற்கிறது, தந்தி பக்கவாட்டில் ஒதுங்கி மேல் ஸ்வரத்தைக் கொடுக்கிறது. ஜாருவில் விரல் தந்தியோடு ஒட்டியபடி மெட்டு விட்டு மெட்டு சறுக்கிப் போகிறது. இரண்டு வழியிலும் போய்ச் சேருகிற ஸ்வரம் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் போகிற வழியின் நாதம் வேறு. இழுத்த தந்தியில் இருக்கிற இறுக்கம் சறுக்கலில் வராது. வாசிக்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

இப்போது யோசியுங்கள். குரலில் மெட்டும் கிடையாது, தந்தியும் கிடையாது. அப்படியென்றால் பாடகர்கள் அந்தக் குறிகளை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ஒதுக்கல் குறி போட்ட இடத்தையும் ஜாரு குறி போட்ட இடத்தையும் அவர்கள் வித்தியாசப்படுத்திப் பாடுகிறார்களா, இல்லை இரண்டும் ஒன்றாகிவிடுகிறதா? ஒரு கிருதியின் 'மூல வடிவம்' என்று நாம் சொல்லும்போது, ஒரு குறிப்பிட்ட வாத்தியத்தின் கையைத்தான் மூலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமா? 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் என்ற இசை நூலாசிரியர் 15 கமகங்களைச் சொல்லியிருக்கிறார், அந்த வகைப்பாடும் இந்த விரல் விளக்கங்களும் பிரதர்சினி என்கிற ஒரே புத்தகத்துக்குள் எப்படிச் சேர்ந்து உட்காருகின்றன? ஒவ்வொன்றையும் தேடிப்போய்ப் பார்க்க முடியும். நாலைந்து கிருதிகளை எடுத்துக்கொண்டு, அச்சில் உள்ள குறிகளை ஒரு பக்கமும் வீணைப் பதிவுகளையும் வாய்ப்பாட்டுப் பதிவுகளையும் இன்னொரு பக்கமும் வைத்து, இடம் இடமாக ஒப்பிட்டு, ஏதோ ஒரு முடிவுக்கு வர முடியும். அந்த முடிவு தப்பு என்று இன்னொருத்தர் வாதாடவும் முடியும். வாதாட இடம் இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி. 'தீட்சிதர் கிருதிகளில் ராக பாவம்' என்று ஒரு தலைப்பை எழுதினால் அதை மறுக்க யாராலும் முடியாது, அதனாலேயே அதில் தேட எதுவும் மிஞ்சுவதில்லை.

கவனியுங்கள், இந்தக் கேள்வி ஒரு கச்சேரிக் கலைஞருக்குத்தான் முதலில் தோன்றும். ஆனால் பதில் கையில் இல்லை. பதிலுக்குப் புத்தகம், பதிவு, ஒப்பீடு, வாதம் எல்லாம் வேண்டும். வாசிப்பு அனுபவத்துக்கு விண்ணப்பத்தில் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அது கேள்வி பிறக்கிற இடமாக இருக்கட்டும். "எனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் எனக்குத் தெரியும்" என்று அதையே சாட்சியாக நிறுத்தினால் படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார், அவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

மேற்கத்திய இசை வாசிப்பவர்களுக்கும் இதே கதைதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் செல்லோ என்ற வில் வாத்தியத்துக்கு எழுதிய ஆறு சூட்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாஹின் கைப்பிரதி தொலைந்துவிட்டது. நமக்குக் கிடைப்பவை மற்றவர்கள் எடுத்த பிரதிகள், அதில் முக்கியமான ஒன்று அவர் மனைவி அன்னா மக்டலேனா எழுதியது. அந்தப் பிரதியில் ஸ்லர் கோடுகள், அதாவது ஒரே வில் இழுப்பில் வாசிக்க வேண்டிய ஸ்வரங்களைச் சேர்த்துக் காட்டும் வளைகோடுகள், எந்த ஸ்வரத்தில் தொடங்கி எதில் முடிகின்றன என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. வாசிக்கிறவர் வில்லை எங்கே திருப்புவது என்று ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும், எடிட்டரைப் போல அடிக்குறிப்பில் இரண்டு சாத்தியத்தையும் போட்டுவிட்டு நழுவ முடியாது. இங்கே ஒரு அழகான வழி இருக்கிறது: தனி வயலினுக்கான சொனாட்டாக்களும் பார்ட்டிட்டாக்களும் 1720 என்று தேதியிட்ட பாஹின் சொந்தக் கையெழுத்திலேயே இருக்கின்றன, அவற்றையும் அன்னா மக்டலேனா பிரதி எடுத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாஹின் ஸ்லர் அன்னா மக்டலேனாவின் கையில் வந்ததும் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கலாம். அந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு செல்லோ பிரதிக்குத் திரும்பி வரலாம். தினமும் அந்த வில்லைத் திருப்புகிற ஒருவர் இந்த ஒப்பீட்டைச் செய்தால் அதில் வருகிற கூர்மை வேறு.

இன்னும் ஒருவர் உண்டு, ஜோஷுவா ரிஃப்கின். பியானோ வாசிப்பவர், இசை நடத்துநர். 1981-இல் பாஸ்டனில் அமெரிக்கன் மியூசிகாலஜிக்கல் சொசைட்டியின் ஆண்டுக் கூட்டத்தில், பாஹின் கோரஸ் என்பது பெரும்பாலும் ஒரு குரல் வகைக்கு ஒரே ஒரு பாடகர்தான் என்று வாதிட்டார். ஆதாரம், பாடகர்கள் பார்த்துப் பாட எழுதப்பட்டு மிஞ்சியிருக்கும் தனித்தனித் தாள்கள். ஒரு தாளை எத்தனை பேர் பகிர்ந்து பார்த்துப் பாடியிருக்க முடியும் என்பது மேடையில் நிற்பவருக்கு உடனே உறைக்கிற கேள்வி. அந்த வாதத்தின் மீது சண்டை பல வருஷம் நடந்தது. சண்டை வந்ததே அந்த வாதத்தின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், பதிவுகளையே மூலமாகக் கொண்ட ஆய்வுகள் ஒரு பக்கம் பெருகியிருக்கின்றன. பிரிட்டனில் 2004 முதல் 2009 வரை பதிவுசெய்யப்பட்ட இசைக்கென்றே ஒரு ஆய்வு மையம் நடந்தது. பார்சிலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை உட்படப் பல மரபுகளைக் கணினி வழியாக ஆராய்ந்த காம்ப்மியூசிக் திட்டம் நடந்தது. சோனிக் விஷுவலைசர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு பதிவை அதில் போட்டு சுருதி எங்கே ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கோடாகவே பார்க்கலாம். விண்ணப்பிக்க ஒரு வருஷம் இருக்கிறது என்றால் அதை நிறுவி, உங்களுக்குப் பிடித்த ஒரு ஆலாபனையின் முதல் ரெண்டு நிமிஷத்தைப் போட்டுப் பாருங்கள். காதால் பல வருஷம் கேட்டது கண்ணுக்குத் தெரியும்போது புதுக் கேள்விகள் வரும்.

இனி விண்ணப்பத்தின் உறுப்புகள். எல்லாவற்றிலும் கனமானது ரைட்டிங் சாம்பிள், அதாவது உங்கள் ஆய்வு எழுத்துக்கு மாதிரியாக அனுப்புகிற கட்டுரை. பொதுவாகப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து பக்கம் கேட்பார்கள். கலைஞர்கள் கைவசம் வைத்திருப்பது பெரும்பாலும் நிகழ்ச்சிக் குறிப்புகள், பாடி வாசித்துக் காட்டி விளக்கும் லெக்டெம் உரைகள், பத்திரிகைக் கட்டுரைகள். இவற்றை நீட்டி ரைட்டிங் சாம்பிளாக ஆக்கப் பார்ப்பார்கள், அது பெரும்பாலும் ஒட்டாது. நிகழ்ச்சிக் குறிப்பு கேட்கப்போகிறவரை வரவேற்கிறது, எல்லோரும் ஒத்துக்கொண்ட தகவலைச் சுருக்கிச் சொல்கிறது. ரைட்டிங் சாம்பிளில் குழு தேடுவது வேறு: இந்த ஆளுக்கு ஒரு மூலத்தை நெருங்கிப் படிக்கத் தெரிகிறதா, ஏற்கெனவே எழுதியவர்களோடு நேர்மையாகச் சண்டை போடத் தெரிகிறதா, தன் வாதத்துக்கு எதிரான ஆதாரத்தை மறைக்காமல் எடுத்து வைக்கத் தெரிகிறதா. இது மூன்றும் இருந்தால் இங்கிலீஷ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

புதிதாக எழுத வேண்டியிருந்தால் சின்னதாக எடுங்கள். ஒரு கிருதியின் ஒரு சரணம், இரண்டு பாடாந்தரங்கள். ஒரே வர்ணத்தின் இரண்டு அச்சுப் பதிப்புகள். மேற்கத்திய இசை என்றால் ஒரு சொனாட்டாவின் மெதுவான பகுதி, அதன் மூன்று பதிவுகள். 'கர்நாடக இசையில் மனோதர்மம்' என்று கடலைக் கையால் இறைக்கப் போகாதீர்கள். முதல் இரண்டு பக்கத்துக்குள் உங்கள் வாதம் என்ன என்று வெளியே வந்துவிட வேண்டும், குழுவில் உள்ளவர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கடைசி வரை படிப்பார்கள் என்று நம்பி இருபதாம் பக்கத்தில் ரகசியத்தை உடைக்க வைத்திருக்கக் கூடாது. ஆலாபனையில் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவது நமக்குக் கையோடு வந்த பழக்கம், கட்டுரையிலும் அதே மாதிரி செய்யத் தோன்றும். இங்கே ராகத்தின் பெயரை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

முடிந்தால் உங்கள் சொந்த டிரான்ஸ்கிரிப்ஷன் ஒன்றாவது உள்ளே இருக்கட்டும். கலைஞர்கள் மற்றவர்களை விட நன்றாகச் செய்யக்கூடிய வேலை இது, ஆனால் எழுதியதை ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் ஒரு பத்தி சொல்ல வேண்டும். ஸ்வரத்தை அசைக்கிற கம்பிதத்தை ஒரு ஸ்வரமாக எழுதினீர்களா, அது தொடுகிற பக்கத்து ஸ்வரங்களையும் பிரித்து எழுதினீர்களா என்பதே ஒரு முடிவு. பாடிக்காட்டும்போது நாம் அதைப் பற்றி யோசிப்பதில்லை. காகிதத்தில் வைக்கும்போது யோசித்தே ஆக வேண்டும், அந்த யோசனையைத் திறந்து காட்டுவதுதான் குழுவுக்குப் பிடிக்கும்.

அடுத்தது ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், என்ன படிக்கப் போகிறீர்கள், ஏன் என்று சொல்கிற அறிக்கை. இரண்டு பக்கம் இருந்தால் அதிகம். வாழ்க்கை வரலாற்றை இதில் எழுதாதீர்கள். யாரிடம் கற்றேன், எந்தெந்த சபாவில் வாசித்தேன் என்பதெல்லாம் சிவி-யில் இருக்கிறது. கேள்வியில் ஆரம்பியுங்கள். அது வாசிப்பில் எங்கே முளைத்தது என்று ஒரு பத்தி, அதைத் தேடி இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு பத்தி, இன்னும் என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்கு ஏன் இந்தத் துறை, இங்கே யாருடைய வேலை உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்று மீதி. பேராசிரியரின் பெயரை மட்டும் போட்டால் போதாது. அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது முழுசாகப் படித்திருக்க வேண்டும், அதில் எந்த வாதம் உங்களுக்குப் பயன்படுகிறது, எங்கே உங்களுக்கு உடன்பாடு இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். மரியாதையோடு உடன்பாடின்மை சொல்வதில் நம்மவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. குரு சொன்னதற்கு மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். இந்தத் துறையில் ஒருவர் எழுதியதை அக்கறையாகப் படித்து மறுப்பதும் ஒரு வகை மரியாதைதான்.

கச்சேரி வாய்ப்பு குறைந்துவிட்டது, அதனால் படிக்கலாம் என்று யோசிக்கிறேன் என்கிற தொனி எழுத்தில் எங்கேயாவது கசிந்தால் உடனே தெரிந்துவிடும். அப்படி ஒரு காரணம் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ஐந்தாறு வருஷம் நூலகத்தில் உட்காருவதற்கு அந்தக் காரணம் போதாது. ஒரு கேள்வி தூங்க விடாமல் துரத்த வேண்டும். அது இல்லையென்றால் வாசிப்புக்கென்றே இருக்கிற டிஎம்ஏ என்ற முனைவர் பட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் வாசிப்பையே ஆய்வு முறையாகக் கொண்ட ஆர்ட்டிஸ்டிக் ரிசர்ச் என்கிற பிரிவும் இருக்கிறது, பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் உள்ள ஆர்ஃபியஸ் இன்ஸ்டிட்யூட் அதற்குப் பேர்போனது. நேர்காணலில் "ஏன் டிஎம்ஏ இல்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள், பதிலை முன்னாலேயே உங்களுக்குள் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிபாரிசுக் கடிதங்கள்தான் கலைஞர்களுக்கு உண்மையான தலைவலி. மூன்று வேண்டும். குருவிடம் போய் நின்றால் அவர் மனசார எழுதுவார்: நல்ல நாதம், நல்ல லயம், அடக்கமான பிள்ளை. அதில் ஒரு பொய்யும் இருக்காது. ஆனால் இந்த ஆள் ஒரு செமினாரில் எப்படிப் பேசுவார், ஒரு கட்டுரையைத் திருத்தச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதற்கு அதில் பதில் இல்லை. குருவின் கடிதம் ஒன்று இருக்கட்டும், அதிலும் நீங்கள் கேட்ட கேள்விகளைப் பற்றி, ஒரு சங்கதியின் பாடபேதத்தைத் தேடிப் போனதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள். மற்ற இரண்டும் உங்கள் எழுத்தைப் படித்தவர்களிடமிருந்து வர வேண்டும். இசைத் துறையிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. இளங்கலையில் உங்களுக்கு வரலாறோ இலக்கியமோ சொல்லிக்கொடுத்து, உங்கள் நீண்ட கட்டுரையைத் திருத்திக் கொடுத்த பேராசிரியர் ஒருவர், உங்கள் பெயரையே மறந்துவிட்ட பிரபல வித்வானை விட ஆயிரம் மடங்கு மேல். அப்படி யாரும் இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ள ஒரு வருஷம் ஒதுக்குங்கள். ஒரு கோர்ஸில் சேருங்கள், ஒரு கருத்தரங்கில் சின்னக் கட்டுரை படியுங்கள், எழுதிய ரைட்டிங் சாம்பிளை ஒரு ஆய்வாளரிடம் காட்டி அவர் சொன்னபடி திருத்தி மறுபடி காட்டுங்கள். அந்தத் திருத்தத்தைப் பார்த்தவர் எழுதுகிற கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

சிவி-யில் எல்லாக் கச்சேரியையும் பட்டியல் போடாதீர்கள். சுருக்கிவிட்டு, ஆய்வுக்குப் பக்கத்தில் வருகிறவற்றை விரித்து எழுதுங்கள்: நொடேஷன் தயாரித்தது, பழைய பதிவுகளை வகைப்படுத்தியது, பாட்டுகளைத் தேடி எடுத்துப் புதுப்பித்தது, சொல்லிக்கொடுத்தது. ஜிஆர்இ என்கிற பொதுத் தேர்வைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை, ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிப்புப் பதிவு கேட்டால் அனுப்புங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். மொழிகளைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஜெர்மன், பிரெஞ்சு போன்ற ஆய்வு மொழிகளில் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வு பல துறைகளில் இருக்கிறது. அதே சமயம் உங்கள் கேள்விக்குத் தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் தேவை என்றால் அவற்றை அந்தத் தேவைக்குக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்கலாம். தெலுங்கு எழுத்தைப் படிக்க முடியும் என்பதை நம்மவர்கள் ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை. பிரதர்சினியின் முதல் பதிப்பை நேரடியாகப் படிக்க முடிகிற விண்ணப்பதாரர் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம். அமெரிக்காவில் நல்ல பிஎச்.டி. இடங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, ஐந்து வருஷம் போல ஸ்டைபெண்டும், அதாவது உதவித்தொகையும் கொடுக்கின்றன, பதிலுக்கு வகுப்பெடுக்கச் சொல்வார்கள். மாஸ்டர்ஸுக்கு அப்படிக் கிடைப்பது அரிது. ஆய்வு எழுத்துப் பயிற்சியே இல்லாத கலைஞருக்கு மாஸ்டர்ஸ் உதவும்தான், ஆனால் அதற்காகப் பெரிய கடன் வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், பின்னால் வருகிற வேலைகள் அந்தக் கடனைத் தாங்குகிற மாதிரி இல்லை. பேராசிரியர் வேலைகள் குறைவு, போட்டி கடுமை, இதை யாரும் மறைக்கக் கூடாது. சேர்க்கையும் அப்படியே. ஒரு வருஷத்தில் ஒரு துறை எடுத்துக்கொள்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் கேள்வியைக் கவனிக்கக்கூடிய பேராசிரியர் அந்த வருஷம் புதிதாக யாரையும் எடுக்காவிட்டால், எவ்வளவு நல்ல விண்ணப்பமும் திரும்பி வரும். பிரிட்டன் முறையில் முதலிலேயே தெளிவான ஆய்வுத் திட்டம் எழுதி, மேற்பார்வையாளரைப் பிடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு மூன்று நான்கு வருஷம்தான், வகுப்புகள் குறைவு. கேள்வி ஏற்கெனவே கூர்மையாக இருக்கிறவர்களுக்கு அது பொருந்தும், படித்துப் படித்துத்தான் கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு அமெரிக்க முறை நல்லது.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி தொடக்கம். கச்சேரிக்காரர்களுக்கு மார்கழி சீசன் அதே சமயம், இது ஒரு கொடுமை. ஒத்திகையும் ஸ்டேட்மென்ட்டும் ஒரே வாரத்தில் மோதினால் ஸ்டேட்மென்ட்தான் அடிபடும். செப்டம்பருக்குள் ரைட்டிங் சாம்பிளை முடித்துவிடுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிதியுதவியோடு வருகிற அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவசரப்படுத்தினாலும் பதறாதீர்கள். அந்த நாட்களில் அங்கே படிக்கிற மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். மேற்பார்வையாளர் எழுதியதைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நாள் எடுக்கிறார், கோடையில் ஸ்டைபெண்ட் வருகிறதா, சாதகம் செய்ய அறை கிடைக்குமா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வாசிப்பு நேரம் குறையத்தான் செய்யும், முதல் இரண்டு வருஷம் படிக்கிற பக்கங்களின் எண்ணிக்கையே அப்படி. கையை முழுசாக விட்டுவிட்டால் எந்தக் கையை நம்பி அந்தக் கேள்வியைக் கேட்டீர்களோ அது மெல்ல மந்தமாகிவிடும், இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது காப்பாற்றுங்கள், அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிற துறை உங்களுக்கான துறை இல்லை.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் போனால், பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே சம்பளம் வாங்கி வேலை செய்ய அனுமதி வேண்டும், காசு வாங்கிக்கொண்டு செய்கிற கச்சேரியும் வகுப்பும் அந்தக் கணக்கில் வரும். வார இறுதியில் நாலு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் அதை அப்படியே நம்பிப் போகாதீர்கள். உங்கள் நிலைமையில் எது செய்யலாம், எது கூடாது என்று அழைப்புக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.